ஆழ்வார்கள் காலம் கண்ட பேராசிரியர்
ராவ்சாகிப் மு. இராகவையங்கார் வாழ்க்கை வரலாறு

திருக்கோவலூர் இடைகழி

சென்னையினின்று தெற்கு நோக்கி வரும் அடியார்கள் திண்டிவனத்தைக் கடந்து விழுப்புரத்தை அடைந்து, அங்கிருந்து மேற்கே திரும்பித் திருக்கோவலூருக்கு எழுந்தருளுவது பன்னெடுங்கால வழக்கம். பெண்ணையாற்றின் கரையில் உலகளந்த பெருமான் ஓங்கி நிற்கும் அத்திவ்யதேசம் வைணவ உலகிற்கு ஒரு தலைவாயில் போன்றது. மழையும் இருளும் சூழ்ந்த ஓர் இரவில் பொய்கையாரும் பூதத்தாரும் பேயாரும் அவ்வூர் இடைகழி ஒன்றில் ஒதுங்கினர். ஒருவர் படுக்கவும், இருவர் இருக்கவும், மூவர் நிற்கவும் இடம் போந்த அச்சிறு நடையில் நான்காமவராக வந்து நெருக்கியவன் எம்பெருமானே என்று குருபரம்பரை நூல்கள் கூறும். மூன்று திருவந்தாதிகளும் அந்நெருக்கத்திற் பிறந்தன. நாலாயிரமாகிய பெருவெள்ளத்திற்கு ஊற்றுக்கண் அதுவே. வாயிற்படிக்குரிய பெருமான் என்னும் பொருளில் தேஹளீசன் என்றே அவ்வூர் உற்சவர் வழங்கப்பெறுகிறார். வேதாந்த தேசிகன் தேஹளீச ஸ்துதி அருளியதும் அத்திருநாமம் பற்றியே.

அந்த இரவு எந்நாளில் நிகழ்ந்தது? இவ்வினா பக்தர்க்கு எழுவதில்லை. எழவேண்டிய தேவையும் இல்லை. ஆயினும் இவ்வினாவைக் கேட்டு, அதற்கு விடைகாண வாழ்நாளிற் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒரு தமிழ்ப் பேராசிரியர் இருந்தார். அவர் வைணவக் குடியிற் பிறந்தவர். ஆழ்வார்களிடத்தே ஆராத அன்பு பூண்டவர். ஆழ்வார்களைப் பாடக் கற்றதோடு அமையாது, கல்வெட்டையும் செப்பேட்டையும் வானநூலையும் துணைக்கொண்டு அவர்தம் காலத்தை நாடிய அப்பெருந்தகை ராவ்சாகிப் மு. இராகவையங்கார் ஆவார். 1878ஆம் ஆண்டு தொடங்கி 1960ஆம் ஆண்டு முடியச் சென்ற அவருடைய வாழ்வை அறிவது, பாசுரங்களைச் சேவிக்கும் அடியார்களுக்கும் பயன் தருவதாகும்.

சேதுநாட்டுப் புலமைக்குடி

காரைக்குடிக்கு அருகிலுள்ள அரியக்குடி, தென்திருப்பதி என்று போற்றப்பெறும் திருவேங்கடமுடையான் கோயிலால் சிறந்த ஊர். அவ்வூரிலே இராகவையங்கார் தோன்றினார். தந்தையார் முத்துசாமி ஐயங்கார் சேதுநாட்டில் பெயர்பெற்ற புலவர். பாலவனத்தம் ஜமீன்தாராகிய பாண்டித்துரைத் தேவருக்குத் தமிழறிவுறுத்தியவர். இளமையிலேயே தந்தையை இழந்த இராகவையங்காரைத் தேவர் அவர்கள் தம் ஆதரவிலே வைத்துப் போற்றினார்கள். ஆசிரியர்க்குச் செலுத்தவேண்டிய கடனை ஆசிரியர் மகனுக்குச் செலுத்திய பண்பு அது.

அக்குடியில் மற்றொரு பேரறிஞரும் இருந்தார். அவர் மகாவித்துவான் ரா. இராகவையங்கார். முத்துசாமி ஐயங்காரின் மருகர். மாமனிடத்தே வளர்ந்து தமிழ் கற்றவர். பெயர் ஒன்றாய், குடி ஒன்றாய், தொழிலும் ஒன்றாய் அமைந்தமையால் இருவரையும் ஒருவராக மயங்குவோர் இன்றும் உளர். முதலெழுத்து ஒன்றே வேறுபாடு காட்டும். மூத்தவர் ரா. இராகவையங்கார், இளையவர் மு. இராகவையங்கார். ஒரே குடியில் ஒரே தலைமுறையில் இரண்டு பேராசிரியர்கள் தோன்றியது சேதுநாடு செய்த தவமே.

இளையவர் பெற்ற கல்வி மரபுவழிக் கல்வி. ஏட்டுச்சுவடியும், மனப்பாடமும், புலவர் கூடிய அவையும் அவருக்குப் பள்ளிக்கூடங்களாயின. தொல்காப்பியம், சங்கநூல்கள், நாலாயிரத் திவ்யப் பிரபந்தம், அதன் வியாக்கியானங்கள் ஆகியவற்றில் தோய்ந்த அப்பயிற்சி பிற்காலத்தே பல்கலைக்கழகப் பேராசிரியர் பீடம் வரையில் அவரைக் கொண்டுசென்றது.

மதுரைத் தமிழ்ச் சங்கமும் செந்தமிழும்

1901ஆம் ஆண்டில் பாண்டித்துரைத் தேவர் மதுரை மாநகரிலே தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி மன்னர் அதற்குப் பெருந்துணை புரிந்தார். சங்கத்தின் அங்கங்களாகக் கலாசாலையும், புத்தகசாலையும், அச்சுக்கூடமும் அமைந்தன. செந்தமிழ் என்னும் மாத வெளியீடும் தொடங்கிற்று. அதன் முதற் பத்திராசிரியர் ரா. இராகவையங்கார்; அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்றவர் மு. இராகவையங்கார். கலாசாலையில் மாணவர்க்குத் தமிழ் பயிற்றியும், செந்தமிழில் ஆராய்ச்சிக் கட்டுரைகளை வரைந்தும், பிறர் கட்டுரைகளைத் தூய்மை செய்து வெளியிட்டும் இளமைக் காலத்தின் பெரும்பகுதியை அங்கே கழித்தார்.

அந்நாளில் தமிழ்நூல்கள் பல ஏட்டினின்று அச்சுக்கு ஏறிக்கொண்டிருந்தன. நூலை அச்சிடுவது ஒரு தொண்டு. அச்சிட்ட நூலை வைத்துக்கொண்டு நாட்டின் பண்டை வரலாற்றை எழுப்புவது மற்றொரு தொண்டு. இந்த இரண்டாவது தொண்டில் இராகவையங்கார் முன்னின்றார். அக்காலத்தே அவர் செய்த தொல்காப்பியப் பொருளதிகார ஆராய்ச்சி, இலக்கணத்தை மக்கள் வாழ்வின் கண்ணாடியாக வைத்துப் பார்க்கும் முறையைத் தமிழ் கற்போர்க்குக் காட்டிற்று. பண்டைத் தமிழ்த் தாய்மாரின் வீரத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையைக் கண்டு சுப்பிரமணிய பாரதியார் உள்ளம் பொங்கிப் பாராட்டிக் கடிதம் விடுத்தார். புலவர்க்கு மட்டும் உரியதாகக் கருதப்பெற்ற ஆராய்ச்சி, நாட்டுப்பற்றுடையார் நெஞ்சையும் தொட்டது என்பதற்கு அது சான்று.

வேளிர் வரலாறு என்பது அவருடைய புகழ்பெற்ற மற்றோர் ஆராய்ச்சி. பாரி, ஆய், எவ்வி, இருங்கோவேள் முதலிய வேளிர்கள் துவாரகையினின்று அகத்தியரோடு தெற்கே போந்த யாதவர் மரபினர் என்னும் கொள்கையைப் புறநானூற்றுச் செய்தியையும் நச்சினார்க்கினியர் உரைக்குறிப்பையும் கொண்டு அவர் அதில் நிலைநாட்ட முயன்றார். கண்ணபிரான் வாழ்ந்த துவாரகைக்கும் தமிழகத்துக்கும் இவ்வாறு ஓர் உறவுப்பாலம் அமைந்தது. பாரியின் மகளிரைக் கபிலர் அழைத்துச் சென்ற செய்தி தமிழறிந்தார் அனைவரும் உருகுவது. கபிலர் பாரிமகளை மலையனுக்கு அளித்துத் தீப்புகுந்தார் என்ற செய்தி, இராசராசன் காலக் கல்வெட்டாகத் திருக்கோவலூர் வீரட்டானேச்சுரர் கோயிலிலேயே பொறிக்கப்பெற்றிருப்பதும், பெண்ணையாற்றின் நடுவே கபிலர் குன்று நிற்பதும் அவ்வழி வரும் யாத்திரிகர் காணத்தக்கன.

1911ஆம் ஆண்டின் இறுதியில் பாண்டித்துரைத் தேவர் பரமபதம் அடைந்தார். இராகவையங்காருக்கு அது தந்தையை இரண்டாம் முறை இழந்தது போன்ற பேரிழப்பு. வள்ளலின் நிழலில் வாழ்ந்த புலவர் பலரும் அந்நிழல் மறைந்தவுடன் திகைத்தனர். மன்னரையும் ஜமீன்தாரையும் சார்ந்து புலமை வளர்ந்த காலம் முடிந்து, பல்கலைக்கழகத்தைச் சார்ந்து புலமை வளரும் காலம் தொடங்கிற்று. இவ்விரண்டு காலங்களுக்கும் நடுவே உள்ள வாயிற்படியில் இராகவையங்கார் நின்றார்.

சொற்கடலில் கால் நூற்றாண்டு

1913ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் தமிழ்ப் பேரகராதிப் பணியைத் தொடங்கியது. மதுரையில் நெடுங்காலம் தொண்டாற்றிய அமெரிக்கப் பாதிரியார் சாண்ட்லர் அதன் முதற் பதிப்பாசிரியர். அலுவலகமும் முதலில் மதுரையிலேயே அமைந்து பின்னர்ச் சென்னைக்கு மாறியது. அப்பணியில் தலைமைத் தமிழ்ப் பண்டிதராக இராகவையங்கார் அமர்ந்தார். ஏறத்தாழக் கால் நூற்றாண்டு அவர் வாழ்வு அச்சொற்கடலிலேயே கழிந்தது.

அகராதிப்பணி இன்னதென்பதை வெளியிலுள்ளார் எளிதில் உணரமாட்டார். ஒரு சொல்லை எடுத்துக்கொண்டால் அது எந்நூலில் எவ்விடத்து வருகின்றது, அங்கே என்ன பொருள், உரைகாரர் யாது கூறினார், நாட்டுவழக்கில் எவ்வாறு வழங்குகின்றது, வேறு மொழியினின்று வந்ததாயின் மூலம் யாது என்பனவற்றையெல்லாம் சீட்டுச் சீட்டாக எழுதி அடுக்கவேண்டும். பின்னர்ப் பொருள்களை வரிசைப்படுத்தி, தமிழிலும் ஆங்கிலத்திலும் விளக்கம் எழுதி, மேற்கோள் இடத்தைச் சரிபார்க்கவேண்டும். ஒரு நாள் முழுதும் உழைத்தும் ஒரு சொல் முடிவுக்கு வாராமல் நிற்பதும் உண்டு. 1862ஆம் ஆண்டில் வெளிவந்த வின்ஸ்லோ அகராதி அறுபத்தேழாயிரம் சொற்களைக் கொண்டிருந்தது. பேரகராதியோ 1924ஆம் ஆண்டு முதற் பகுதியாக வெளிவரத் தொடங்கி, 1936இல் ஆறு தொகுதிகளாக முற்றியபோது ஒரு லட்சத்து நாலாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களைத் தன்னகத்தே கொண்டது. பிற்சேர்க்கையும் சில ஆண்டுகளில் வெளிவந்தது. 1926 முதல் பதிப்பாசிரியராக இருந்து அதனை முடித்து வைத்த பேராசிரியர் வையாபுரிப் பிள்ளையின் புகழோடு, அடித்தளத்திலிருந்து உழைத்த இராகவையங்காரின் உழைப்பும் அதில் கலந்துள்ளது.

ஈட்டிலும் பன்னீராயிரப்படியிலும் மூவாயிரப்படியிலும் வழங்கும் வைணவ மரபுச் சொற்கள் பல அவ்வகராதியில் இடம்பெற்றன. உரைநடையிற் பெருங்கடலாகிய வியாக்கியானங்களைச் சமய நூல் என ஒதுக்காமல் தமிழ்ச் செல்வமாக எண்ணிச் சொல்லெடுத்த அப்பணி, வைணவ உலகம் நன்றியோடு நினைக்கத்தக்கது.

பகற்பொழுதை அகராதிக்கு ஈந்தவர், ஓய்வு நேரத்தை ஆராய்ச்சிக்கு ஈந்தார். அவர் நூல்களிற் பெரும்பாலன அந்த ஆண்டுகளில் வெளிவந்தனவே.

இரு கரைகளின் நடுவே

அக்காலத்தில் ஆழ்வார்கள் காலத்தைப் பற்றி இரண்டு கொள்கைகள் எதிரெதிரே நின்றன. குருபரம்பரை நூல்கள், முதலாழ்வார்கள் துவாபர யுகத்திலும், நம்மாழ்வார் கலியுகம் பிறந்த நாற்பத்துமூன்றாம் நாளிலும் அவதரித்தனர் என்று கூறின. அது சம்பிரதாயத்தின் கணக்கு. மறுபுறத்தே மேனாட்டு அறிஞரான கால்டுவெல், ஆழ்வார்களை இராமாநுசரோடு சேர்த்துப் பன்னிரண்டாம் நூற்றாண்டை ஒட்டி வைத்தார். வடநாட்டுப் பேரறிஞர் பண்டார்க்கர் 1913இல் வெளியிட்ட நூலில் குலசேகரரைப் பன்னிரண்டாம் நூற்றாண்டினர் என்றார். ஆழ்வார்களின் பாசுரங்களை வேதமாகக் கொண்டு நாதமுனிகள் தொகுத்ததும், ஆளவந்தார் போற்றியதும், இராமாநுசர் அவற்றின் பொருளிலே ஆழ்ந்ததும் ஆகிய பரம்பரை முழுவதும் இக்கூற்றால் தலைகீழாகும். ஆசாரியர்க்குப் பின் ஆழ்வார் என்றால், ஆற்றுக்குப் பின் ஊற்று என்பது போலாகும்.

ஒரு வைணவப் புலவர் இதற்கு விடை கூற இரண்டு வழிகள் இருந்தன. சம்பிரதாயம் கூறுவதே உண்மை, ஆராய்ச்சி என்பது வீண் என்று கதவை அடைத்துக்கொள்வது ஒரு வழி. ஆராய்ச்சியாளர் கூறுவதை அப்படியே ஒப்புக்கொண்டு சம்பிரதாயத்தைக் கைவிடுவது மற்றொரு வழி. இராகவையங்கார் இரண்டையும் மேற்கொள்ளவில்லை. எதிரிகள் எந்தக் கருவியைக் கையாண்டனரோ அந்தக் கருவியையே தாமும் கையிலெடுத்து, அதனை அவர்களினும் நுட்பமாகக் கையாண்டார். அதன் விளைவாக அவர் கண்ட காலம் யுகக்கணக்கோடு ஒத்துவராது என்பதை அவர் அறியாதவரல்லர். தம் குலத்துப் பெரியோர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த ஒன்றோடு வேறுபடுகின்ற முடிவைத் தம் பெயரால் அச்சிட்டு வெளியிடுவதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

1926ஆம் ஆண்டில் வெளிவந்த ஆழ்வார்கள் காலநிலை என்னும் நூல் அந்நெஞ்சுரத்தின் பயன்.

கல்லும் கோளும் சொன்ன சான்று

அந்நூலின் முறை எளியது, ஆனால் கூரியது. பாசுரங்களுள்ளே ஆழ்வார் காலத்து மன்னர், ஊர், போர், வான்நிகழ்ச்சி ஆகியவற்றைச் சுட்டும் இடங்களை முதலில் தேடவேண்டும். பின்னர் அவற்றைக் கல்வெட்டு, செப்பேடு, பிற இலக்கியம் ஆகியவற்றோடு ஒப்புநோக்க வேண்டும். பக்தியிற் கரைந்த பாசுரத்தில் வரலாறு எங்கேனும் ஓரிடத்தில் தன் கால்தடத்தைப் பதித்திருக்கும் என்பது அவர் துணிபு.

திருமழிசையாழ்வாரின் நான்முகன் திருவந்தாதியில் குணபரன் என்னும் சொல் வருகின்றது. பல்லவன் முதலாம் மகேந்திரவர்மனுக்குக் குணபரன் என்பது விருதுப்பெயர். திருச்சிராப்பள்ளிக் குடைவரைக் கல்வெட்டு அதனைக் காட்டும். இவ்விரண்டையும் இயைத்து, ஆழ்வார் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட அப்பல்லவன் காலத்தவர் என்று கொண்டனர். கச்சியில் பல்லவ மன்னன் ஒருவன் கணிகண்ணனை நாடுகடத்த, ஆழ்வாரும் உடன் செல்ல, பெருமானும் பைந்நாகப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்சென்றான் என்ற வரலாறு அடியார் அறிந்ததே. ஆழ்வார் காலத்தே காஞ்சியில் பல்லவன் இருந்தான் என்ற சம்பிரதாயச் செய்திக்கு ஆராய்ச்சியும் இசைந்து நிற்பதை இங்கே காணலாம்.

அந்த மகேந்திரவர்மனின் கைவண்ணத்தைக் காண நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழியில் மண்டகப்பட்டு என்னும் சிற்றூர் உள்ளது. செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றி, பிரமன், ஈசன், திருமால் ஆகிய மூவர்க்கும் அக்கோயிலைக் குடைவித்ததாக விசித்திரசித்தன் என்னும் விருதுப்பெயரோடு அம்மன்னன் அங்கே கல்லிற் பொறித்துள்ளான். செஞ்சியை அடுத்த சிங்கவரத்தில் பள்ளிகொண்ட அரங்கநாதரும் பல்லவர் காலக் குடைவரையில் எழுந்தருளியிருக்கின்றார். ஆழ்வார்கள் நடந்த நாட்களில் இந்நாடு எவ்வாறிருந்தது என்பதற்கு இக்கற்கள் சாட்சி.

திருமங்கையாழ்வார் காஞ்சிப் பரமேச்சுர விண்ணகரப் பாசுரங்களில் பல்லவ மன்னனின் வெற்றிகளைப் பாடுகின்றார். எட்டாம் நூற்றாண்டில் நெடுங்காலம் ஆண்ட நந்திவர்மப் பல்லவமல்லனுடைய செப்பேடுகள் கூறும் போர்ச் செய்திகளோடு அவை இயைகின்றன. கலியனின் காலத்தை எட்டாம் நூற்றாண்டில் வைப்பதற்கு அது வலிய சான்றாயிற்று.

எல்லாவற்றினும் வியப்புத் தருவது ஆண்டாள் காலத்தைப் பற்றிய ஆராய்ச்சி. திருப்பாவையில் வைகறைப்பொழுதின் அடையாளமாக வெள்ளி எழுவதும் வியாழன் மறைவதும் கூறப்பெற்றுள்ளன. மார்கழி மாதம், முழுமதி நாள், கிழக்கே வெள்ளியின் தோற்றம், அதே வேளையில் மேற்கே வியாழனின் மறைவு ஆகிய இந்நான்கும் ஒருங்கு கூடுவது அரிது. வியாழன் வானத்தை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டு கொள்ளும். வெள்ளி விடிவெள்ளியாய்த் தோன்றி, மறைந்து, அந்திவெள்ளியாகி, மீண்டும் விடிவெள்ளியாக ஏறத்தாழ ஐந்நூற்றெண்பத்துநான்கு நாள் செல்லும். இவ்விரு சுழற்சியும் மார்கழிப் பௌர்ணமியில் வந்து பொருந்தும் ஆண்டுகள் மிகச் சிலவே. அவற்றைக் கணித்து, கி.பி. 731ஆம் ஆண்டு மார்கழியே பொருந்துவது என்று இராகவையங்கார் முடிவு செய்தார். பிற்காலத்து அறிஞர் சிலர் ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலுள்ள 885, 886ஆம் ஆண்டுகளை விரும்பினர். ஆண்டு எதுவாயினும், ஆய்ப்பாடிப் பெண்ணாகத் தன்னைப் பாவித்து நோன்பு நோற்ற பிராட்டி வானத்தைக் கண்ணாற் கண்டே பாடினாள் என்ற எண்ணம் அடியார் நெஞ்சை உருக்குவதன்றோ! அவ்வெண்ணத்திற்கு வழிகோலியவர் இப்பேராசிரியர்.

எண்ணாயிரத்துக் கல்வெட்டு

ஆழ்வார்கள் இராமாநுசர்க்குப் பிற்பட்டவர் என்னும் கூற்றை மறுக்கும் சான்றுகளில் ஒன்று விழுப்புரத்திற்கு அண்மையிலேயே உள்ளது. எண்ணாயிரம் என்னும் ஊரில் அழகிய நரசிங்கப் பெருமாள் கோயில் கொண்டுள்ளான். பரிக்கல், பூவரசன்குப்பம், சிங்கிரிக்குடி என்று நரசிங்கத் தலங்களைத் தொழுது வருவோர் எண்ணாயிரத்தையும் நாடுவது உண்டு. அக்கோயிற் கல்வெட்டுகளில் ஒன்று முதலாம் இராசேந்திர சோழன் காலத்தது. திருவாய்மொழி விண்ணப்பம் செய்வோர்க்கும், திருவைணவர்க்கு அமுது செய்விப்பதற்கும் அக்காலத்தே நிவந்தம் இருந்ததை அக்கல்வெட்டு அறிவிக்கின்றது. 1012 முதல் 1044 வரை ஆண்ட சோழன் காலத்திலேயே, உடையவர் இன்னும் இளம்பருவத்தினராக இருந்த நாளிலேயே, நம்மாழ்வார் அருளிச்செயல் கோயிலில் ஓதப்பெற்றதாயின் அது அதற்கு நெடுங்காலம் முன்னரே நாடெங்கும் பரவியிருத்தல் வேண்டும் என்பது வெளிப்படை.

அக்கல்வெட்டு மற்றொன்றும் கூறுகிறது. எண்ணாயிரத்தில் ஒரு பெருங்கல்லூரி நடைபெற்றது. முந்நூற்று நாற்பது மாணவர், பதினான்கு ஆசிரியர். வேதம் ஓதுவோர், இலக்கணம் பயில்வோர், மீமாம்சை கற்போர், வேதாந்தம் கேட்போர் என அவர்கள் பிரிக்கப்பெற்றிருந்தனர். ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் அளக்கவேண்டிய நெல்லும் குறிக்கப்பெற்றது. பெருமான் சந்நிதியின் நிழலிலே கல்வி வளர்ந்த நாடு இது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்நாட்டில் இருந்த ஆசிரியர் மரபும், இருபதாம் நூற்றாண்டில் இராகவையங்கார் ஏற்ற ஆசிரியப் பணியும் வேறுவேறு எனக் கருதுதல் ஆகாது. உண்மையை நாடிக் கற்பதும், கற்றதை மறைக்காது கூறுவதுமே இரண்டிற்கும் உயிர்.

தவறு நேரினும் தளராமை

பேராசிரியர் கூறியதனைத்தும் பின்னாளில் ஏற்கப்பெற்றது என்று கூறுதல் உண்மையாகாது. 1915இல் வெளிவந்த சேரன் செங்குட்டுவன் என்ற நூலில் அவர் செங்குட்டுவனை ஐந்தாம் நூற்றாண்டினனாகக் கொண்டார். சமுத்திரகுப்தனின் அலகாபாத் தூண் கல்வெட்டில் வரும் தென்னாட்டு மன்னன் ஒருவனைச் சேர மரபினனாகக் கருதியது அதற்கு ஒரு காரணம். இலங்கைக் கயவாகு மன்னன் காலத்தைக் கொண்டு செங்குட்டுவன் இரண்டாம் நூற்றாண்டினன் என்று பிறர் மறுத்தனர். அறிஞருட் பலர் அம்மறுப்பையே ஏற்றனர். வேளிரைப் பற்றிய கொள்கையும் அவ்வாறே வாதத்திற்குரியதாயிற்று. முதலாழ்வார்கள் காலம் பற்றியும் இன்றளவும் ஒருமித்த முடிவு ஏற்படவில்லை.

ஆயினும் அவர் நூல்கள் மதிப்பிழந்தில. காரணம் யாதெனின், அவர் தம் முடிவை மட்டும் கூறாமல் முடிவுக்கு வந்த வழியையும் முழுதுமாக எடுத்துவைத்தார். இன்ன பாட்டு, இன்ன உரை, இன்ன கல்வெட்டு, ஆதலின் இம்முடிவு என்று படிப்படியாகக் காட்டினார். வழியைக் காட்டியவரை மறுப்பது எளிது. ஆனால் மறுப்பவனும் அவர் இட்ட வழியிலேயே நடந்து சென்று மறுக்கவேண்டும். தம்மை மறுப்பதற்குரிய கருவியையும் தாமே கையிற் கொடுத்தவர் உண்மையான ஆசிரியர்.

இலக்கியத்தில் இடம்பெறாது கல்லில் மட்டும் பெயர் தங்கிய புலவர்களைத் தேடித் தொகுத்துச் சாசனத் தமிழ்க் கவிசரிதம் என்னும் நூலை இயற்றினார். மறந்துபோன புலவர்க்கு அது மறுபிறப்பு அளித்தது. நூல் வடிவம் பெறாமல் ஏடுகளிலும் உரைகளிலும் கல்வெட்டுகளிலும் சிதறிக்கிடந்த இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களைத் திரட்டிப் பெருந்தொகை என்று பெயரிட்டார். மதுரைத் தமிழ்ச் சங்கம் 1930களில் அதனை வெளியிட்டது. இளமையில் தம்மை வளர்த்த சங்கத்திற்கு முதுமையில் அவர் செலுத்திய காணிக்கை எனலாம். அரசாங்கம் ராவ்சாகிப் என்னும் பட்டம் அளித்து அவரைச் சிறப்பித்தது.

அனந்தபுரத்தில் ஆசிரியப் பீடம்

வள்ளல் அழகப்பச் செட்டியார் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்திலே தமிழுக்கு ஒரு பேராசிரியர் பீடம் அமைய ஒரு லட்சம் ரூபாய் வழங்கினார். அப்பல்கலைக்கழகமே 1957 முதல் கேரளப் பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்றது. 1944இல் இராகவையங்கார் அங்கே தமிழாராய்ச்சித் துறைத் தலைவராக அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்தாறு. பிறர் ஓய்வு நாடும் பருவத்தில் அவர் புதியதொரு நாட்டில் புதியதொரு பணியைத் தொடங்கினார். பல்கலைக்கழகப் பட்டத்தின் வழியே வாராமல், புலமை ஒன்றையே பட்டமாகக் கொண்டு பல்கலைக்கழகப் பீடம் ஏறியது பழந்தமிழ்க் கல்விக்குக் கிடைத்த பெருமை.

குலசேகரப் பெருமாள் ஆண்ட சேரநாடு அது. அனந்தபத்மநாபன் அறிதுயில் கொள்ளும் திருவனந்தபுரம் நம்மாழ்வாரால் பாடப்பெற்ற திவ்யதேசம். மலைநாட்டுத் திருப்பதிகள் பலவும் அந்நாட்டிலேயே உள்ளன. அங்கிருந்து அவர் சேர வேந்தரைப் பற்றிய செய்யுட்களைத் திரட்டிச் சேரவேந்தர் செய்யுட்கோவை என வெளியிட்டார். கேரளத்திற்கும் தமிழிலக்கியத்திற்கும் உள்ள உறவைப் பற்றி ஆங்கிலத்திலும் நூல் செய்தார். இரண்டு நாடுகளாகப் பிரிந்து இரண்டு மொழிகள் பேசுவோர் பண்டு ஒரு குடும்பத்தினர் என்பதை இலக்கியத்தின் வாயிலாக அவர் உணர்த்தினார். 1951ஆம் ஆண்டு வரை அப்பணியில் இருந்தார். அவருக்குப் பின் அப்பீடத்தில் அமர்ந்தவர் பேரகராதியில் உடனுழைத்த வையாபுரிப் பிள்ளை. ஆழ்வார் காலம், சங்ககாலம் ஆகியவற்றில் இருவர் கருத்தும் வேறுபட்டன. ஆயினும் ஒருவர் விட்ட விளக்கை மற்றவர் ஏந்திச் சென்றதே தமிழுக்கு நன்மையாயிற்று.

1960ஆம் ஆண்டில், எண்பத்திரண்டாம் அகவையில், இராகவையங்கார் திருநாடு அலங்கரித்தார்.

வாழ்வு காட்டும் நெறி

இறைவன் கருணையைக் காலத்தால் அளக்க இயலாது என்பது உண்மையே. ஆனால் அக்கருணை ஒரு காலத்தில், ஓர் ஊரில், ஒரு மனிதர் வாக்கில் இறங்கி வந்தது என்பதும் உண்மை. ஆழ்வார்கள் கதையில் வரும் நிழல்கள் அல்லர். பல்லவர் ஆண்ட நாளில் இந்த மண்ணிலே நடந்து, இந்த ஆற்றிலே நீராடி, இந்த மழையிலே நனைந்து, இந்த வானத்து வெள்ளியைப் பார்த்துப் பாடிய பெரியோர். இதனை உணர்ந்தபின் பாசுரம் முன்னிலும் நெருங்கி வருகின்றது. யுகத்தைக் குறைத்தார் என்று இராகவையங்காரை வருந்தத் தேவையில்லை. தொலைவில் இருந்த ஆழ்வார்களை அருகில் கொண்டுவந்தார் என்று மகிழலாம்.

உற்சவத்திற்கு வரும் அன்பர்கள் திருக்கோவலூர் இடைகழியில் ஒரு கணம் நிற்கும்போது, அங்கே நெருக்குண்டு நின்ற மூவரையும் நினைப்பார்கள். அவர்களோடு, அந்த இரவின் ஆண்டைத் தேடி ஏடும் கல்லும் புரட்டிய ஒரு தமிழ்ப் பேராசிரியரையும் நினைவிற் கொள்வார்களாக. அன்பை விளக்காக ஏற்றினார் பூதத்தார். அவ்வொளியில் அறிவைத் திரியாகத் தூண்டியவர் இராகவையங்கார். ஆழ்வார்கள் அருளிச்செயல் வாழ்க! அதனைக் கற்றார் கற்பித்தார் புகழ் வாழ்க!